கட்டா பங்காய்

ஆலங்குடா,
ஜூன் 8.

அன்பின் ஸப்ரான் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். வாப்பா சுகம். உம்மாவின் ஆடுகள் எங்களைவிடச் சுகம். நான் சுகமோ என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனாலும் சுகம். உங்கள் சுகத்தை அறிய உம்மா தபால்காரனைச் சந்தியிலேயே மறிக்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதனுக்காகவாவது பதில் போடுங்கள்.

கம்பஸ் போன இரண்டாம் கிழமையே போன் பழுது என்று எழுதினீர்கள். அதனால் இந்தக் காலத்தில் பேனையால் கடிதம் எழுதும் ஒரே பதினாறு வயதுக்காரன் நான்தான். ஒவ்வொரு முறை மூத்தவரை ‘நானா’ என்று எழுதும்போதும் ‘யார், நானா?’ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்து போகிறது.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பட்டம் கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒருவர் “இது என்ன காற்று?” என்று கேட்டார். “கச்சான்” என்றேன். கடையில் போய்க் கச்சான் என்றிருக்கிறார், வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கரையில் காற்றைச் சுருளில் கட்டி விற்கிறார்கள் என்று இப்போது தன் கூட்டாளிமாருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் திருத்தவில்லை.

இனி முக்கியமான சங்கதி. றொபி சேர் பகலில் வெள்ளைக்காரருக்குப் பட்டம் பழக்குகிறார், சனிக்கிழமைகளில் வழக்கம்போல எங்களுக்குக் கராத்தே. நீங்கள் ஏ.எல். படிக்க நிறுத்தும்வரை கட்டா மட்டும்தான் செய்வித்தார், ஞாபகமா? காற்றுக்கு அடி, காற்றுக்குத் தடுப்பு, பிறகு சலாம். இப்போது அதை உடைத்துக் காட்டுகிறார். ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் ஓர் ஆளை நிறுத்தி, அவன் பிடித்தால் இது, இழுத்தால் இது என்று. ஜப்பான் பாஷையில் அதற்குப் பெயர் ‘பங்காய்’. சத்தியமாக அதுதான் பெயர். “சேர், கட்டாவைப் பங்காய்ப் பிரிக்கிறது எங்கட வீட்டில உம்மாட வேலை. கத்தி, பலகை எல்லாம் இரிக்கி” என்றேன். கட்டா என்றால் மீன் என்றே அறிந்த கரையில் பிறந்தவர்கள்தானே, முழு வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் தண்டால்.

வாப்பா கேட்கச் சொன்னது: சாப்பாடு எப்படி? குளிருக்குப் போர்வை காணுமா, போதாதா? உம்மா கேட்கச் சொன்னது: அதே இரண்டும், மறுபடியும்.

துஆவோடு,
ஜெமீல்


ஹொஸ்டல்,
ஜூன் 19.

அன்புத் தம்பி ஜெமீலுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சாப்பாடு பரவாயில்லை. போர்வை காணும். இதை உம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டு.

போன் திருத்த இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும்.

இங்கே சீனியர்மாருக்கு நான் கராத்தே பழகியது தெரிந்துவிட்டது. மாவட்டப் போட்டியில் கட்டாவுக்கு எடுத்த பதக்கத்தைப் பற்றி யாரிடமோ நானே வாய்விட்டிருக்கிறேன். பின்னேரங்களில் சாப்பாட்டு மண்டபத்தில் கட்டா போட்டுக் காட்டச் சொல்வார்கள். முதலாம் வருடத்தார் எல்லோரும் மேசையோர வாங்குகளில் இருந்து பார்ப்பார்கள். ஒரு பொழுதுபோக்குத்தான்.

நீ எழுதிய பங்காயைப் பற்றி யோசித்தேன். முதல் கட்டாவில் நாலாவது அசைவு இருக்கிறதே, வலது கையைக் கீழே தடுத்துவிட்டு, காலோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்து, மேலால் சுற்றிக் குத்துவோமே, அது என்னத்துக்கு? நான் ஆயிரம் தடவை செய்திருப்பேன். ஒருநாளும் கேட்கவில்லை. றொபி சேர் அதைச் சொல்லித் தந்துவிட்டாரா? மணிக்கட்டை ஒருவர் இறுக்கிப் பிடித்தால் விடுபடுவதற்கு என்று இங்கே ஒரு பெடியன் சொல்கிறான். கெதியாக எழுது.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் ஸலாம்.

நானா


ஆலங்குடா,
ஜூலை 1.

அன்பின் நானா,

ஸலாம். இங்கு அனைவரும் நலம். ஒரு ஆடு மட்டும் என் பூகோளக் கொப்பியைத் தின்றுவிட்டு ஆபிரிக்காவைச் செமிக்க முடியாமல் நிற்கிறது.

உங்களுக்குச் சொன்ன பெடியன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நாலாவது அசைவு மணிக்கட்டுக்குத்தான். சாச்சாவின் மகன் நூஹுவைப் பிடிக்க வைத்துப் பழகினேன். அவனுடைய கை உங்களுக்குத் தெரியும், பிடிக்கப் பழக நண்டே அவனிடம் வந்து டியூசன் எடுக்கும். முதல் நாள் நான் இழுத்தேன், அவன் சிரித்தான். இரண்டாம் நாளும் அப்படியே. பிறகு சேர் வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: “கையால இழுக்காத. அவன்ட நாலு விரல் சுவர். பெருவிரல் கதவு. சுவரில முட்டாம கதவால வா.”

அதாவது, பிடிபட்ட கையை அவனுடைய பெருவிரல் பக்கமாகத் திருப்புங்கள். முழங்கையை உங்கள் விலாவோடு ஒட்டுங்கள். பிறகு கை இழுக்கக் கூடாது. இடுப்பும் காலும் பின்னுக்குப் போக, கை அவற்றோடு சும்மா போகவேண்டும். கட்டாவில் காலைப் பின்னுக்கு எடுப்பது அழகுக்கு என்றுதானே இவ்வளவு காலமும் நினைத்தோம்! நூஹுவின் பிடி கழன்றது. அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான், மீன் தப்பிய தூண்டில்காரன் மாதிரி.

நீங்கள் கட்டா போட்டுக் காட்டுகிறீர்கள் என்று வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் பின்னேரம் களப்பில் வலை எடுக்கும்போது பக்கத்து வள்ளத்துக்காரனிடம், “மூத்தவன்ட கராத்தேயப் பாக்க கம்பஸே கூடுதாம்” என்று சொன்னதைக் காதால் கேட்டேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மணிக்கட்டை யார் பிடிக்கிறார்கள்?

கேள்வியோடு,
ஜெமீல்


(தபாலட்டை)

ஜூலை 10.

தம்பி, ஸலாம். நான் சுகம். நேரமில்லை. மீதிக் கட்டா பங்காய் எல்லாம் சீக்கிரம் அனுப்பு. இங்கே அவசரமாகத் தேவை. ஒருவருக்கு மட்டுமல்ல, இரண்டு மூன்று பேருக்கும் காணக் கூடியதாக இருக்கவேண்டும். பிந்தாதே.

ஸப்ரான்


ஆலங்குடா,
ஜூலை 17.

என் அருமை நானா,

ஸலாம் சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும்போது ஹொஸ்டல் முழுக்க மணத்துக்கொண்டிருக்கும். குற்றவாளி நானல்ல, உங்கள் எழுத்து.

தபாலட்டை வந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில். உம்மா வாசித்துவிட்டார். நான் வீட்டுக்கு வரும்போது குசினி நிலம் முழுக்கப் பத்திரிகைத் தாள். நடுவில் உம்மா, கையில் கத்தி, முன்னால் மலைபோலக் கட்டாக் கருவாடு.

“என்ன உம்மா இது?”

“புள்ள வாய்விட்டுக் கட்டா கேட்டிரிக்கான்டா. பங்காய் அனுப்பச் சொல்றான். ரெண்டு மூணு பேருக்குக் காணணுமாம். கூட இரிக்கிற புள்ளையளுக்கும் குடுக்கத்தான். என்ட மகனுக்கு என்ன மனசு பாத்தியா?”

“உம்மா, அது கராத்தேக் கட்டா!”

“கராத்தேயோ கல்லோ, பசியில கேட்ட புள்ளைக்கு நீ பகிடி பண்ணாத. இந்த முள்ளை எடு.”

விளங்கப்படுத்தப் பார்த்தேன். பங்காய் என்றால் ஜப்பான் பாஷை என்றேன். “ஜப்பான்காரனும் கட்டா தின்றவன்தானே” என்றார். நானும் குந்தியிருந்து முள் எடுத்தேன். பார்சல் நேற்று பஸ்ஸில் ஏறிவிட்டது. கண்டக்டர் அதைக் கடைசி ஆசனத்துக்கு அனுப்பினார். கடைசி ஆசனத்தில் இருந்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள்.

உண்மையான பங்காய் இதோடு வருகிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் புயத்தைப் பிடித்தால், நடுவில் நின்று திமிறக் கூடாதாம். ஒருவனுக்குள் புகவேண்டும். அவனோடு தோளை ஒட்டிச் சாயும்போது மற்றவன் தானாக நீண்டுபோவான், பிடி தளரும். படம் கீறியிருக்கிறேன். தலை பெரிதாக இருப்பவர் நீங்கள்.

ஆனால் நானா, எதற்கு அவசரம்? பொழுதுபோக்குக்கு யாராவது அவசரப்படுவார்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
ஜெமீல்


ஆலங்குடா,
ஆகஸ்ட் 9.

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். நீங்கள் எப்படி என்று தெரியவில்லை.

கருவாடு கிடைத்ததா? உம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். கிடைத்தது, எல்லோரும் ருசி என்று சொன்னார்களாம் என்று நானே ஒரு பதிலை உண்டாக்கிச் சொல்லியிருக்கிறேன். பொய் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பொய்க்கு உம்மா சந்தோசப்பட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வரி போதும்.

ஜெமீல்


ஆகஸ்ட் 16.

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். சுகம். பிந்தியதற்குக் குறை நினைக்காதே. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். குளிக்கும் இடத்துப் படியில் பாசி. சவர்க்காரமும் கிடந்தது. போன மாதம் 24ஆம் திகதி, வியாழக்கிழமை, காலையில், வாளியோடு இறங்கும்போது வழுக்கிவிட்டேன். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, தோளைத் தூக்க ஏலாது, இரண்டு புயத்திலும் உட்பக்கம் கொஞ்சம் கன்றிப்போயிருக்கிறது. எலும்பு முறியவில்லை. டொக்டரிடம் காட்டினேன்.

கருவாடு வந்தது. சீனியர்மார்தான் பார்சலைப் பிரித்தார்கள். இப்போது எனக்குப் பெயரும் கருவாடுதான். உம்மாவுக்கு இதைச் சொல்லாதே, ருசி என்றே சொல்.

இனிமேல் ஹொஸ்டல் முகவரிக்கு எழுதவேண்டாம். கம்பஸுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் நல்ல மனிதர். ஜும்ஆவுக்குப் போகும்போது வாங்கிக்கொள்வேன்.

உன் படம் நன்றாக இருந்தது. என் தலை அவ்வளவு பெரிதல்ல.

நானா


ஆலங்குடா,
ஆகஸ்ட் 23.

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் படியில் விழவில்லை.

பொய் சொல்கிறவன்தான் திகதியும் கிழமையும் வாளியும் சவர்க்காரமும் சேர்த்துச் சொல்வான். எனக்குத் தெரியும், நான் அந்தத் தொழிலில் இருப்பவன். உண்மையாக வழுக்கியவன் ‘வழுக்கிட்டன்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்துவான்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நூஹுவிடம் போனேன். கட்டாவில் அசைவைப் பார்த்து எதிரி என்ன செய்திருப்பான் என்று தேடுகிறோமே, அதையே உங்கள் காயத்துக்குச் செய்தோம். நான் கடற்கரை மணலில் விழுந்து பார்த்தேன், பள்ளிக்கூடப் படியில் விழுந்து பார்த்தேன். விழுகிறவன் கையை ஊன்றுவான், உள்ளங்கை உரியும். உங்கள் உள்ளங்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புயத்தின் உட்பக்கம் எந்தப் படி அடிக்கும்? அங்கே ஒருவனுடைய பெருவிரல்தான் போய் அழுத்தும். இரண்டு புயம் என்றால் இரண்டு பேர். நூஹுவையும் இன்னொரு பெடியனையும் இரண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னேன். அதே இடத்தில் எனக்கும் கன்றியது. அப்படிப் பிடிபட்டு நிற்பவனுக்கு மணிக்கட்டும் தோளும் ஒரே நேரத்தில் போகவேண்டுமென்றால், மூன்றாவது ஆள் ஒருவன் பின்னுக்கு நின்று கையை முறுக்கி மேலே தூக்கவேண்டும்.

மூன்று பேர் நானா. சரியா, பிழையா?

பள்ளிக்கூடத்தில், சீனியர்மார் புதிய மாணவருக்குச் செய்யும் ‘பகிடிவதை’ பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பகிடி என் தொழில். அதன் வாலில் வதையைக் கட்டியவன் யார் என்று அப்போது சிரித்தேன். நான் செய்வதில் ஏமாந்தவனும் கடைசியில் சிரிப்பான். உங்கள் மண்டபத்தில் யார் சிரிக்கிறார்கள்?

வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எழுதாவிட்டால் சொல்வேன்.

ஜெமீல்


செப்டம்பர் 2.

தம்பி,

வஅலைக்கும் ஸலாம்.

சரிதான். மூன்று பேர்.

உன் கடிதத்தில் ஒரு பகிடிகூட இல்லை. அதை வாசித்தபோதுதான் எனக்கு என் நிலைமை விளங்கியது.

போன் பழுதில்லை. முதல் கிழமையே எங்கள் எல்லோருடைய போனையும் வாங்கிவிட்டார்கள். மோதினார் தன் போனைத் தருகிறேன் என்றார், நான்தான் வாங்கவில்லை. என் குரலைக் கேட்டால் உம்மா ஒரு ஸலாமிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அவனைக் கப்டன் என்றுதான் கூப்பிடவேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் என்னை மண்டபத்தின் நடுவில் நிறுத்துவான். நான் கட்டா செய்யவேண்டும். சத்தம் வரக்கூடாது, அதுதான் சட்டம். மூன்றாவது மேல்தடுப்பில் ‘கியாய்’ என்று பலமாகக் கத்துவோமே, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டவேண்டும், ஊமைச் சேவல் மாதிரி. அதற்குத்தான் நிறையச் சிரிப்பார்கள். முதலாம் வருடத்தார் சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் அடி. ஆகவே அவர்களும் சிரிப்பார்கள்.

ஒருநாள் கப்டன் என் மணிக்கட்டைப் பிடித்தான். நீ எழுதியபடி செய்தேன். முழங்கை விலாவோடு, கால் பின்னுக்கு. கழன்றது. உன் கதவு திறந்துதான் இருந்தது தம்பி. வெளியே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். மற்றதை நீயே எழுதிவிட்டாய். உன் மேல் பிழையில்லை. நீ ஒருவனுக்குத்தான் எழுதினாய். இரண்டு பேருக்கானது அந்த நாளுக்குப் பின்னால்தான் கையில் கிடைத்தது.

வருகிற 12ஆம் திகதி வெள்ளி பின்னேரம் எங்கள் எல்லோரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறான். அன்றைக்குக் கட்டாவில் தானே எதிரியாக நிற்பானாம். என் வலது கை இன்னும் சரியில்லை. இன்னொரு முறை முறுக்கினால் போய்விடும் என்று டொக்டர் சொன்னார்.

மேல்தடுப்பில் எதிரியின் முழங்கை நடுவில் மாட்டும் என்று சேர் முன்பு ஒருமுறை சொன்னார். எந்த இடத்தில் அழுத்தினால் முறியும்? ஒரு வரி எழுது, போதும். அதற்குப் பிறகு கம்பஸ் போனால் போகட்டும். நான் களப்புக்கு வந்து வாப்பாவோடு வலை இழுக்கிறேன்.

வாப்பாவிடம் சொல்லாதே. வெள்ளி முடியும்வரையாவது.

நானா


ஆலங்குடா,
செப்டம்பர் 6, சனி.

நானா,

ஸலாம். இந்தக் கடிதம் தபால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், சுகம் விசாரிக்க நேரமில்லை.

முழங்கை எந்த இடத்தில் முறியும் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். முறிவது அவனுடைய கை, அதற்காகத் துரத்தப்படுவது நீங்கள். அவன் மாவுக்கட்டோடு பரீட்சை எழுதுவான். நீங்கள் வலை இழுப்பீர்கள். வாப்பா உங்களைப் பார்த்து ஒன்றும் கேட்கமாட்டார். அந்த ஒன்றும் கேட்காததைத் தினமும் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க ஏலாது.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குத்தலாம், உதைக்கலாம், சுழலலாம், எல்லாம் செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். கத்தக்கூடாது என்று மட்டும் ஏன் சட்டம் போட்டார்கள்?

இன்று வகுப்பில் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்: “சேர், எல்லாத்துக்கும் பங்காய் சொன்னீங்க. கியாய்க்கு என்ன பங்காய்? சும்மா ஸ்டைலுக்கா?”

றொபி சேர் சொன்னார்: “மெய்யாவே ஒருத்தன் உன்னைப் பிடிச்சா முதல்ல கத்து. கத்தினா சனம் வரும். நான் பழக்கிற மீதி எல்லாம் சனம் வாற வரைக்கும்தான்.”

ஆகவே இதுதான் மீதிப் பங்காய்:

அவன் பிடித்தால் பிடிக்க விடுங்கள். கதவால் வாருங்கள். இரண்டு பேர் வந்தால் ஒருவனுக்குள் புகுங்கள். நல்ல கையால் அவனுடைய கையைப் பற்றிக்கொள்ளுங்கள், அழுத்தாதீர்கள். மூன்றாவது மேல்தடுப்பு வரும்போது கத்துங்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் காவற்காரர் இருப்பார், வார்டன் இருப்பார், யாரோ இருப்பார்கள். இல்லாவிட்டால் எதற்குப் பயந்தார்கள்?

உங்களுக்குக் கத்த வெட்கமாக இருக்கும். சின்ன வயதிலும் வகுப்பிலேயே மெதுவாகக் கத்தியவர் நீங்கள்தான். அன்றைக்கு மட்டும் வெட்கத்தை எனக்குத் தந்துவிடுங்கள், என்னிடம் அது கொஞ்சமும் இல்லை.

வெள்ளி முடியும்வரை வாய் திறக்கமாட்டேன். சனி விடிந்தால் திறப்பேன்.

ஜெமீல்


செப்டம்பர் 15.

அன்புத் தம்பி ஜெமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன் என்று இந்தமுறை ஓரளவு உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளி ஜும்ஆவுக்குப் போனபோதுதான் கையில் கிடைத்தது. அதற்குள் முழங்கையைப் பற்றி வேறொருவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அதையும் உனக்குச் சொல்லவேண்டும்.

பின்னேரம் மண்டபத்தில் எல்லோரையும் வாங்குகளில் இருத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள். கப்டன் முன்னால் வந்து நின்றான். “கருவாடு, இண்டைக்கு நான்தான் உன்ட எதிரி. பயமா?” என்றான். சிரிக்கவேண்டியவர்கள் சிரித்தார்கள்.

முதலில் என் நோகும் கையைத்தான் பிடித்தான். கதவால் வந்தேன். பக்கத்தில் நின்றவன் என் புயத்தைப் பிடித்தான், அவனுக்குள் புகுந்தேன். மற்றவன் எட்டிப் பிடிக்கமுடியாமல் வாங்கில் இடித்துக்கொண்டான். கப்டன் அடிக்கக் கையை ஓங்கினான். இடது கையால் அதைப் பிடித்து இழுத்தேன். வலது முன்கை அவனுடைய முழங்கைக்குக் கீழே போய் நின்றது. அவன் நுனிக்காலில் நின்றான். எனக்கு இடம் தெரியும். என் கைக்கும் தெரியும். அது அழுத்தத் தொடங்கியது தம்பி. பொய் சொல்லமாட்டேன், தொடங்கிவிட்டது.

அப்போது கத்தினேன்.

என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஒருமுறைதான் கத்தினேன். அது முடியுமுன் என் பின்னால் இன்னொன்று கேட்டது. பிறகு வாங்கு வாங்காக எழும்பி, முதலாம் வருடத்தார் அத்தனை பேரும் கத்தினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாளும் பார்த்துப் பார்த்து அந்தக் கட்டாவில் எந்த இடத்தில் கியாய் வரவேண்டும் என்று அவர்களுக்குப் பாடமாகியிருந்தது.

காவற்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் வார்டன். அவர்கள் கண்ட காட்சி என்ன தெரியுமா? ஒரு சீனியரின் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான்.

“கையை விடு” என்றார் வார்டன். விட்டேன். “யார் தொடங்கினது?” என்று கேட்டார். கத்தினவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். கப்டன் முழங்கையைத் தடவிக்கொண்டு, “சேர், இவன் கராத்தேக்காரன். எங்களுக்கு அடிக்கிறான்” என்றான். முடிந்தது என்று நினைத்தேன்.

என் அறையில் இருக்கும் பெடியன், மணிக்கட்டைப் பற்றி முதலில் சொன்னானே, அவன்தான் எழும்பினான். சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான். அவன் முதுகு அப்படி இருப்பது எனக்கே தெரியாது. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

போன்கள் திரும்ப வந்துவிட்டன. ஆனாலும் கடிதமாகவே எழுதுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். கப்டனையும் மற்ற இருவரையும் விசாரணை முடியும்வரை ஹொஸ்டலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். நானும் விசாரணைக்குப் போகவேண்டும், கையைப் பிடித்தவன் என்ற முறையில். அது 26ஆம் திகதி. பெற்றோர் ஒருவர் வரவேண்டுமாம், வீட்டுக்கு அறிவித்தல் அனுப்பியிருக்கிறார்கள். கப்டனின் சொந்தக்காரர்கள் பெரிய இடம் என்கிறார்கள். என்ன நடக்கும் என்று தெரியாது.

வாப்பா வந்து, பெட்டியைக் கட்டு, வீட்டுக்குப் போவோம் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு இங்கே படிக்க ஆசை. இதை எழுதும்போதுதான் அது எனக்குத் தெரிகிறது.

வாப்பா என்ன சொன்னார் என்று எழுது. மறைக்காதே.

நானா


ஆலங்குடா,
செப்டம்பர் 21.

அன்பின் நானாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம், கத்தின வாய்க்கும் முறிக்காத கைக்கும்.

மறைக்கவில்லை. சனி விடிந்ததும் நானே வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களையும் கொடுத்தேன். வாசலில் இருந்து வாசித்தார். உம்மா அழுதார், பிறகு கப்டனுக்கு விதம்விதமாகச் சாபமிட்டார், பிறகு மறுபடியும் அழுதார். வாப்பா கடிதங்களை மடித்துத் தந்துவிட்டுக் களப்புக்குப் போய்விட்டார். நாலு நாள் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அறிவித்தலும் உங்கள் கடிதமும் ஒரே நாளில் வந்தன. உங்கள் கடிதத்தை நான் சத்தமாக வாசிக்க, வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் “வா” என்று எழும்பினார். கடற்கரைக்குக் கூட்டிப் போனார். நல்ல காற்று. தூரத்தில் பட்டங்கள்.

“அவன் கத்தினானா?” என்று கேட்டார்.

“ஓம் வாப்பா.”

“எவ்வளவு சத்தமா?”

“தெரியாது வாப்பா. கதவுக்கு வெளிய கேட்டிரிக்கி.”

“கத்திக் காட்டு.”

கத்தினேன். என்னுடையது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, காகங்கள் எழும்பின. வாப்பா தலையை ஆட்டினார்.

“காணாது.”

பிறகு சொன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்ற, மன்னாரை விட்டு வள்ளத்தில் ஏறும்போது வாப்பா என்னைவிடச் சின்னப் பிள்ளையாம். பிள்ளைகள் யாரும் சத்தம் போடக்கூடாது என்று அவருடைய வாயை அவருடைய உம்மா, எங்கள் மூத்தம்மா, துணியால் பொத்திப் பிடித்திருந்தாராம், கற்பிட்டிக் கரை காணும்வரை. “அதோட எனக்குச் சத்தம் போடுற பழக்கம் போயிட்டு” என்றார்.

நாங்கள் யோசித்திருக்கிறோமா நானா? வாப்பா கடலில் ஆட்களைக் கூப்பிடுவதுகூடக் கையைக் காட்டித்தான்.

வாப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தினார். முதலாவது சரியாக வரவில்லை, இருமலாக வந்தது. இரண்டாவது வந்தது. பட்டத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பயத்தில் தண்ணீருக்குள் விழுந்தார். றொபி சேர் தூரத்திலிருந்து ஓடிவந்தார், யாரோ மூழ்கித் தாண்டுவிட்டார்கள் என்று. வாப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது நான்தான் கேட்டேன்: “வாப்பா, நானாவைக் கூட்டிட்டு வரப் போறீங்களா?”

“என்னத்துக்கு?” என்றார். “பக்கத்தில நிக்கப் போறன்.”

வியாழன் பஸ்ஸுக்கு இருக்கை போட்டாயிற்று, எனக்கும் சேர்த்து. வார்டனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாப்பாவுக்கு இப்போதுதான் பழகியிருக்கிறது, விசாரணையில் மெதுவாகக் கதைக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவேண்டாம்.

மிச்சம் நேரில்,
உங்கள் தம்பி
ஜெமீல்